இடது முன்கையில் ஒரு கரு மச்சம்

சென்ற ஐப்பசி அடைமழையில் கொல்லைப்புறத்து அறையின் ஓடு ஒழுகி, என் தகப்பனார் காலத்துத் தகரப் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிட்டது. மழை சற்று வெறித்த ஒரு காலைப்பொழுதில் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த பத்திரங்களையும் ஜாதகக் குறிப்புகளையும் ரசீதுகளையும் கூடத்துத் தரையில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தபோது, பழுப்பேறிய காகிதம் ஒன்று என் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. என் தம்பி ஐந்தாம் வகுப்புத் தேறி உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்காக எழுதிக் கொடுத்த சான்றிதழ் அது. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றுக்குக் கீழே, அங்க அடையாளம் என்ற இடத்தில், எங்கள் பழைய தலைமையாசிரியர் தம்முடைய மணிமணியான எழுத்தில் ‘இடது முன்கையில் வட்டமான கரு மச்சம்’ என்று குறித்திருந்தார்.

அவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் அது பிறவி மச்சம் அல்ல. தம்பி பிறந்த நாட்களில், காலை நீட்டி உட்கார்ந்து அவனைக் குளிப்பாட்டிய அப்பத்தாவின் பக்கத்தில் வெந்நீர்ச் செம்போடு நின்றவன் நான். அவன் மேனியில் அப்போது ஒரு புள்ளிகூடக் கிடையாது. அந்தக் கறுப்பு வட்டத்தை அவன் கையில் பதித்தது, அவன் நான்கைந்து பிராயத்தில் ஆசையோடு கேட்டு வாங்கித் தின்ற ஒரு தித்திப்பு மருந்து.

எங்கள் ஊர் காரைக்குடிக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிய சிற்றூர். அக்காலத்தில் குழந்தைகள் உள்ள எந்த வீட்டிலும் மாதம் ஒரு நாள் பேதிக்குக் கொடுக்கும் சம்பிரதாயம் தவறாது. பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து, விடியற்காலையில் அடுப்படியிலிருந்து விளக்கெண்ணெய் வாசனை எழுந்ததுமே எங்களுக்கு வயிற்றைப் புரட்டும். கைக்குழந்தைக்குப் பாலாடையிலும், சற்று வளர்ந்தவர்களுக்கு இஞ்சிச் சாற்றோடு கலந்து கரண்டியிலும் அப்பத்தா புகட்டுவாள். ஓடுகிறவனைப் பிடித்து இழுத்து வந்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கி, மூக்கைப் பொத்தி, ‘முழுங்கிரு ராசா, ஒரே மடக்கு’ என்று சொல்லிக்கொண்டே ஊற்றிவிடுவாள். அன்று பகல் முழுவதும் ஓய்ச்சல். பிற்பகலில் மிளகு ரசம் விட்டுக் குழைத்த சோறும் சுட்ட அப்பளமும் கிடைக்கும். அந்தச் சோற்றுக்கு இருந்த ருசி பிற்காலத்தில் எந்த விருந்திலும் எனக்கு வாய்க்கவில்லை.

பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சித்தப்பா, ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கி, விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஒரு வருஷம், துணிமணிகளோடும் வாசனைச் சோப்போடும் ஒரு தட்டையான தகர டப்பாவையும் கொண்டுவந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில், கோடு கிழித்துப் பகுத்த சிறு சிறு சதுரங்கள்; ஒன்றை ஒடித்தால் ‘டக்’கென்று ஒடியும். ‘மலாயாவில் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள். மிட்டாய் மாதிரி இருக்கும். ராத்திரி ஒரு துண்டு கொடுத்தால் காலையில் வயிறு சுத்தமாகிவிடும்’ என்றார் சித்தப்பா. பட்டணத்து நாகரிகத்தில் அபிமானம் மிகுந்த என் தகப்பனாருக்கு அது பெரிதும் பிடித்துவிட்டது. ‘தித்திப்பா இருக்கிறது எப்படிடா மருந்தாகும்?’ என்று அப்பத்தா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். அந்த மாதம் முதல் விளக்கெண்ணெய்க் கரண்டி எங்கள் வீட்டில் ஓய்வு பெற்றது. எங்களைவிட அதைக் கொண்டாடியவன் தம்பி. பேதிக்கு நாள் எப்போது வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் குழந்தையை அதற்கு முன் எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

முதல் ஆறேழு மாதங்களில் விபரீதமாக ஒன்றும் நேரவில்லை. இந்த விஷயத்தில் எவரையும் ஏமாற்றக்கூடியது அந்த இடைவெளிதான். ‘இத்தனை நாள் கொடுத்தோமே, ஒன்றும் செய்யவில்லையே’ என்ற நம்பிக்கை அதற்குள் வேரூன்றிவிடுகிறது. பிறகு ஒரு நாள் காலையில், தம்பி இடது கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டு எழுந்து வந்தான். மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, கால் ரூபாய் அகலத்தில், கத்தரிப்பூ நிறம் கலந்த சிவப்பில் ஒரு வட்டம் தடித்திருந்தது. காணாக்கடி என்றாள் அப்பத்தா. கடித்தது இன்னதென்று கண்ணுக்குத் தெரியாமல் உடம்பு தடிப்பதற்கு நம்மவர் வைத்த பெயர் அது. வெற்றிலையில் மிளகை வைத்து மெல்லக் கொடுத்தார்கள். வேப்பிலையை அரைத்துப் பூசினார்கள். நாலைந்து நாளில் தடிப்பு வற்றியது. ஆனால் அந்த இடம் சாம்பல் பூத்தாற்போல் கறுத்துவிட்டது.

அடுத்த மாதம் அதே இடம்; இம்முறை நடுவில் ஒரு கொப்புளமும் எழும்பியிருந்தது. அக்கி என்று தீர்மானித்து வேளாரை அழைத்து வந்தார்கள். அவர் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் கையைச் சுற்றி எழுதிவிட்டுப் போனார். மூன்றாம் முறை அதே வட்டத்தோடு கீழுதட்டின் ஓரத்திலும் ஒன்று தோன்றவே, அம்மா பயந்துபோனாள். உடம்பில் இத்தனை இடம் இருக்க, ஒரு பூச்சி தேடித் தேடி வந்து ஒரே இடத்தில் கடிக்குமா என்று அவள் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

எங்களுக்கு மூன்று மைல் தூரத்தில் எல்.எம்.பி. படித்த டாக்டர் ஒருவர் இருந்தார். மாட்டு வண்டியில் தம்பியை அழைத்துக்கொண்டு போன அன்று நானும் கூடப் போனேன். கம்பவுண்டர் அரைத்துக் கலக்கும் மருந்துகளின் நெடியும், தண்ணீர் மருந்து வாங்க வீட்டிலிருந்து கொண்டுவந்த சீசாக்களின் பக்கத்தில் அளவுக்காகக் கத்தரித்து ஒட்டியிருந்த காகிதப் பட்டைகளும் எனக்கு இன்னும் பிரத்தியட்சமாக இருக்கின்றன. டாக்டர் தம்பியின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். ‘குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?’ என்றார். ‘ஒன்றுமே கொடுக்கவில்லை’ என்றார் என் தகப்பனார். அவர் பொய் சொல்லவில்லை. தித்திப்பாக இருந்ததும், சித்தப்பா அன்பளிப்பாகக் கொண்டுவந்ததும், குழந்தை தானே கேட்டு வாங்கித் தின்றதுமான ஒரு வஸ்து அவர் மனத்தில் மருந்தென்ற வரிசையில் ஏறவேயில்லை. டாக்டர் விடவில்லை. ‘இது வந்த நாட்களுக்கு முந்தின இரவு இவன் உள்ளுக்குச் சாப்பிட்டது ஒவ்வொன்றையும் சொல்லுங்கள்’ என்று கேட்டார்.

கதவோரம் நின்ற அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றிய ஒரு விஷயத்தை அவள் சொன்னாள்: பேதியான நாட்களில் தம்பியின் துணியைச் சலவைச் சோடா கரைத்த நீரில் போட்டால், தண்ணீர் பன்னீர் ரோஜா நிறத்தில் சிவந்து போகிறதாம்; இரத்தமோ என்று பயந்து, வெளியில் சொல்லாமல் இருந்தாளாம். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மறுநாள் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் சிவப்பு மையால் மருந்தின் பெயரை எழுதி, ‘இந்தப் பிள்ளைக்கு இது ஜன்மத்துக்கும் ஆகாது’ என்று கொடுத்தார். ‘வயிறு மறந்துவிடும், நாக்கு மறந்துவிடும், தோல் மறக்காது, ஐயா. எத்தனை வருஷம் கழித்துக் கொடுத்தாலும் இதே இடத்தில்தான் வரும்’ என்று அவர் சொன்னது, பத்து வயதில் எனக்கு மந்திரவாதி வாக்குப்போல இருந்தது.

என் தகப்பனார் அந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, கூடத்து விளக்கு மாடத்தின் பக்கத்தில் கோந்து போட்டு ஒட்டினார். பினாப்தலீன். அர்த்தம் தெரியாத அந்தச் சொல்லை, தெய்வத்தின் பெயரைப் படிப்பதுபோல நான் தினமும் அந்தி விளக்கேற்றும் வேளையில் படித்தேன்.

டப்பாவைத் தூர எறியும் பொறுப்பு அப்பத்தாவிடம் விடப்பட்டது. எறிந்துவிட்டதாக அவளும் சொன்னாள். ஆனால் ஒரு மாதங்கூடக் கழியவில்லை. தம்பியின் கையில் அதே வட்டம் மறுபடியும் சிவந்து எழுந்தது. வீடு முழுவதும் தேடிய என் தகப்பனார், அப்பத்தாவின் பானை அடுக்குக்குப் பின்னால் அந்த டப்பாவைக் கண்டெடுத்தார். உள்ளே கொட்டைப்பாக்கு இருந்தது. ‘நல்ல தகரம்டா, மனசு வரல, உள்ள இருந்தத எல்லாம் குப்பையில கொட்டிட்டேன்’ என்று அவள் மன்றாடினாள். அவர் நம்பவில்லை. பேரன் அழுதான் என்று இரக்கப்பட்டு இவளே ஒரு துண்டு கொடுத்திருப்பாள் என்று, நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அப்பத்தா தம்பிக்கு ஒரு முறுக்குக் கொடுப்பதானாலும், ‘குடுக்கட்டுமா?’ என்று என் தாயாரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

காரைக்குடி அழகப்பர் கல்லூரியில் நான் ரசாயனம் படிக்கச் சேர்ந்த வருஷம், சோதனைச்சாலை அலமாரியில் ஒரு சிறு புட்டியின் மேல் அந்தப் பெயரைக் கண்டேன். கண்ணாடிக் குடுவையில் நீர்போல் தெளிந்திருந்த அமிலத்தில் அதிலிருந்து இரண்டு சொட்டு விட்டு, மேலே பியூரெட்டிலிருந்து காரத்தைத் துளித் துளியாக இறக்கினோம். நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு துளியில் குடுவை முழுவதும் பன்னீர் ரோஜா நிறம் படர்ந்தது. என் தாயார் சலவை வாளியில் கண்டு அஞ்சிய நிறம் அதுதான். பேதி மருந்தாக உட்சென்ற பினாப்தலீன் மலத்தோடு வெளிப்பட்டு, துணியில் தங்கி, சோடாவின் காரத்தைத் தொட்டவுடன் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், தான் அறியாமலேயே ஒரு ரசாயனப் பரிசோதனையை நடத்தி, அதன் முடிவைச் சரியான இடத்தில் சரியான வேளையில் சொல்லியிருக்கிறாள். அன்று சோதனைச்சாலையில் குடுவையைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிற்பாடு ஆசிரியராக இருந்த காலத்தில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1889இல் போர்ன்ஸ் என்ற வைத்தியர், அன்டிபைரின் என்னும் அக்காலத்துக் காய்ச்சல் மருந்தை உண்டவருக்கு இவ்விதத் தடிப்புகள் வந்ததை முதன்முதலாக வர்ணித்திருக்கிறார். 1894இல் பிரெஞ்சு தேசத்துத் தோல் நிபுணர் லூயி புரோக், ஒரே இடத்தில் நிலைத்து வரும் மருந்துத் தடிப்பு என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார். முதல் முறை தடித்த இடத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகை, காரியம் முடிந்தும் கலைந்து போகாமல், தோலுக்குள்ளேயே காவலிருக்கின்றனவாம். அதே மருந்து மறுபடி உடம்பில் நுழைந்த சில மணி நேரத்துக்குள் அவை விழித்துக்கொள்ள, அரிப்பும் எரிச்சலும் சிவப்பும் தோன்றி, ஆறிய பின் கறுப்பு மட்டும் மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் தங்கிவிடுகிறது. எல்.எம்.பி. டாக்டர் தோல் மறக்காது என்று சொன்னது வெறும் அலங்கார வார்த்தை அன்று. பினாப்தலீனைப் பேதி மருந்தாகக் கடைகளில் விற்பதை அமெரிக்க அரசாங்கம் 1999இல் முற்றிலும் நிறுத்திவிட்டது. அதற்குக் காரணம் தோல் அல்ல, எலிகளில் அது புற்று உண்டாக்கக் கண்டதுதான். இப்போது நம் நாட்டுக் குழந்தைகளிடம் இத்தகைய நிலைத்த தடிப்பை அடிக்கடி உண்டாக்குவது சல்பா இனத்து மருந்துகள், முக்கியமாகக் கோட்ரைமாக்சசோல். வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற மாத்திரைகளும் உண்டு.

எல்லாத் தடிப்பும் இவ்வளவு தெளிவாகத் தன் காரணத்தைச் சொல்லிவிடுவதில்லை. என் மூத்த மகளுக்கு ஐந்து வயதில் தொண்டை வீங்கிக் கடும் காய்ச்சல் வந்தபோது, ஆம்பிசிலின் மருந்து கொடுத்தார்கள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, காய்ச்சல் தணிந்து குழந்தை சிரிக்கத் தொடங்கிய பிறகு, மார்பிலும் முதுகிலும் செம்புள்ளிகள் கிளம்பிக் கைகால் வரை இறங்கின. என் மாமியார் ஒரு வார்த்தையும் பேசாமல் நிலைப்படியில் வேப்பிலை செருகினார். ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, மருந்து என்ற பேச்சே எடுக்கக் கூடாது. புள்ளிகள் நாலைந்து நாளில் உதிர்ந்து போயின. அம்மைக்கு மருந்து கூடாது என்ற அந்த நியதியால், தடிப்புக்குக் காரணமான மருந்தும் தானாக நின்றுபோகிறது என்பதைப் பின்னால் யோசித்தபோது, பழைய வழக்கங்களுக்குள் எத்தனையோ அனுபவம் புதைந்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஆனால் அந்த வழக்கத்தை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதற்கும் நான் சாட்சி. என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய பையனுக்கு வலிப்புக்காக மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் வந்து, கண்கள் சிவந்து, உதடுகள் வெடித்து இரத்தம் கசிந்தது. வீட்டார் அம்மை என்று எண்ணி வேப்பிலைப் படுக்கையில் இரண்டு நாள் கிடத்தியிருந்தார்கள். அக்கறையினால் வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தாமல் கொடுத்து வந்தார்கள். நான் பார்க்கப் போன அன்று, தலையணையை நகர்த்தும்போது குழந்தையின் கன்னத்துத் தோல் துணியோடு வந்ததைக் கண்டு, அப்படியே வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான், கண்ணில் மட்டும் குறை தங்கிவிட்டது. 1922இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு வைத்தியர்கள் முதன்முதலாக விவரித்த வியாதி அது. அவர்கள் பார்த்த இரண்டு நோயாளிகளும் ஏழெட்டு வயதுச் சிறுவர்கள். மருந்து உண்ட குழந்தைக்குத் தடிப்போடு காய்ச்சலும், வாய், கண் ஆகியவற்றில் புண்ணும், தொட்டால் தோலில் வலியும் கொப்புளமும் கண்டால், அல்லது முகம் வீங்கி மூச்சு இரைத்தால், ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ‘பென்சிலின் ஒவ்வாது’ என்று அன்று சீட்டில் எழுதிய ஒரு வரி, அவளோடு பள்ளிக்கும் கல்லூரிக்கும் புக்ககத்துக்கும் போயிற்று. சாதாரணத் தொண்டை வலிக்கும் அவளுக்கு வேறு வேறு மருந்துகள், அதிக விலையில், அதிக உபத்திரவத்தோடு. அவளுடைய நாற்பதாவது வயதில் ஒரு சத்திர சிகிச்சைக்கு முன்பு, நிதானமுள்ள ஒரு வைத்தியர் பழைய கதையை முழுக்கக் கேட்டு, தோலில் பரிசோதித்து, பிறகு தம் கண்முன்னே சிறிய அளவில் தொடங்கி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. குழந்தைப் பருவத்தில் இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களில், முறையாகச் சோதித்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது என்றார் அவர். தொண்டையைக் கெடுத்த கிருமியே புள்ளிகளைத் தோற்றுவிக்கலாம். சில கிருமிகள் உடம்பில் இருக்கும்போது ஆம்பிசிலின் சேர்ந்தால் மட்டும் தடிப்பு வந்து, பிறகு ஒருபோதும் வராமல் போகலாம். முப்பத்தைந்து வருஷம் நாங்கள் பயபக்தியோடு காத்து வந்த ஒரு எச்சரிக்கை, பிசகாக இருந்துவிட்டது. தம்பிக்கு எழுதியது சத்தியம், மகளுக்கு எழுதியது பிசகு. இரண்டுமே ஒரே சிவப்பு மையால்தான் எழுதப்பட்டன. எந்த நாளில் கொடுத்தோம், எத்தனை மணிக்குப் பின் வந்தது, முதலில் எங்கே வந்தது, தடித்ததா, அரித்ததா, கறுத்ததா என்று கூடவே எழுதி வைத்திருந்தால், அந்த வைத்தியர் சொன்னபடி, பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும்.

எனக்கு இன்றும் ஆற்றாமை தருவது ஒன்று உண்டு. கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த சிவப்புத் தண்ணீரில் என்ன இருந்தது என்று அந்த நாளில் எந்தத் தாய்க்கும் தெரியாது. கேட்பது மரியாதையும் அல்ல. இன்று அச்சிட்ட பெயரும் அளவும் தேதியும் ஒவ்வொரு அட்டையிலும் இருக்கின்றன. இருந்தும், மருந்துக் கடைக்குப் போய் ‘பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு செட் கொடுங்க’ என்று கேட்டால், நாலு நிற மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்தோ உதிர்த்தோ, பெயரற்ற ஒரு சிறு காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். மறுநாள் குழந்தையின் மேனி தடித்தால், அந்தத் தாய் வைத்தியரிடம் ‘வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள்ல பாதி’ என்றுதான் சொல்ல முடியும். மருந்தால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்ய 2010இல் நம் அரசாங்கம் ஒரு திட்டமே தொடங்கியிருக்கிறது; பொதுமக்களே தெரிவிக்கலாம். பெயர் தெரியாத மாத்திரையைப் பற்றி எதைத் தெரிவிப்பது? என் பேத்தி தன் குழந்தைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தின் அட்டையையும் கைப்பேசியில் படம் பிடித்து வைக்கிறாள். தடிப்பு வந்தால் அதையும் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் பிடிக்கிறாள். விளக்கு மாடத்துக் காகிதத்தை அவள் பார்த்ததில்லை.

சான்றிதழ் உலர்ந்த பிறகு அதைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். பொங்கலுக்குத் தம்பி வந்தபோது கொடுத்தேன். எழுபது கடந்தவன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு சட்டைக் கையை மடித்து, இடது முன்கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. மச்சம் எந்த வருஷத்தில் மறைந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

‘அண்ணே, கடைசி தடவை வந்ததே, ஞாபகம் இருக்கா?’ என்றான். அப்பத்தா டப்பாவை ஒளித்து வைத்திருந்த அந்த முறைதானே என்றேன். அவன் காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அப்பத்தா சொன்னது அத்தனையும் நிஜம் என்றான். அவள் குப்பைக்குழியில் கொட்டிவிட்டுத் திரும்பியதும், இவன் போய் நாலு துண்டுகளைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, சிலேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டானாம். தினம் கொஞ்சமாகப் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் நக்கினானாம். அப்பா அவளைத் திட்டியபோது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தானாம்.

‘அடி விழும்னு பயமா இருந்துச்சு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அவ போறப்ப எனக்குப் பதினொரு வயசு’ என்றான்.

கூடத்துச் சுவரில், மாடம் இருந்த இடத்தை எப்போதோ பூசி மூடிவிட்டோம். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து யாரோ காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்கள். இருவருமே பதில் சொல்லவில்லை.